தாலி கட்டும் நேரத்தில் தவில்காரரைக் காட்டியது ஏஐ கெமரா, சம்பள வெட்டு எனக்கா?

ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அவரையோ அவர் வேலை செய்யும் கடையையோ யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 26. பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். டவுனில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் நாலு வருடமாக வேலை, முதலாளியோடு சேர்த்து மொத்தம் ஏழு பேர். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, தோட்டத்து கிரிக்கெட் போட்டி என்று எல்லாவற்றையும் மூன்று கெமரா வைத்து பேஸ்புக்கிலும் யூடியூபிலும் லைவ் போடுவதுதான் அந்தக் கடையின் தொழில். பிள்ளைகள் கொழும்பிலோ கட்டாரிலோ துபாயிலோ இருக்கிற வீடுகள்தான் பெரும்பாலும் வாடிக்கையாளர்கள். மூன்று கெமராவில் எதை எப்போது காட்டுவது என்று பட்டன் அழுத்துவது நம் தம்பியின் வேலை. மாதம் 45,000 ரூபா வங்கிக்கு வருகிறது. நியமனக் கடிதம் கிடையாது.

முதலாளி கடன் எடுத்து, செயற்கை நுண்ணறிவால் தானே இயங்கும் கெமரா செட் ஒன்றை வாங்கியிருக்கிறார். கெமரா தானாகத் திரும்பும், தானாக ஸூம் பண்ணும், எந்தக் காட்சியை அனுப்புவது என்று மென்பொருளே முடிவெடுக்கும், திரையின் அடியில் பேச்சைத் தமிழில் எழுதியும் காட்டும். “இனி நீ பக்கத்தில் நின்றால் போதும், எதிலும் கை வைக்காதே, கை வைத்தால் அது பிழையாகப் பழகிவிடும்” என்று தம்பிக்கு வட்ஸ்அப்பில் குரல் செய்தியும் அனுப்பியிருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் தம்பி திகதி போட்டு எழுதியிருக்கிறார். தோட்டத்து சொஃப்ட்போல் போட்டியில் பந்து தேயிலைக்குள் போய்விட, அந்த நேரம் பார்த்து மைதானத்துக்குள் ஓடிவந்த நாயைப் பிடித்துக்கொண்ட கெமரா, அடுத்த விக்கெட் விழுந்த பிறகும் அதை விடவில்லை. நாய் போய் ஸ்கோர் எழுதுகிற மேசைக்குக் கீழே படுத்ததும் அங்கேயே ஸூம் பண்ணிக்கொண்டு நின்றதாம். மாசியில், மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்து. வேஷம் கட்டிய முகம் ஒன்றுகூட அதற்கு முகமாகத் தெரியவில்லை, ரதி அழுது புலம்புகிற இடத்தில் விளக்கடியில் நின்ற கடலைக்காரரின் முகத்தைத் திரை நிறையக் காட்டியிருக்கிறது. தேர் அன்றைக்குக் கூட்டமே “முருகா” என்று கூவ, அடியில் “முறுக்கா, முறுக்கா” என்று எழுத்து ஓடியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பார்த்த ஒருவர், கோயிலில் முறுக்கு கொடுக்கிறார்களா என்று கேட்டு எழுதினாராம்.

கடைசியாக வந்ததுதான் வினை. ஒரு கல்யாணம். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார், கெட்டிமேளம் முழங்குகிறது, லைவ் அப்படியே தவில்காரருக்குப் போய்விட்டது. மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதையும் விழுந்து, மேளம் ஓய்ந்த பிறகுதான் மணமேடை திரும்பி வந்தது. லீவு கிடைக்காமல் கட்டாரிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் அண்ணன், தங்கை கழுத்தில் தாலி ஏறியதைப் பார்க்கவேயில்லை. வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். முதலாளி 40,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதில் 25,000 ரூபாவைத் தம்பியின் சம்பளத்தில் வெட்டப்போவதாகச் சொல்கிறார். அடுத்த மாதத்திலிருந்து சம்பளம் பாதிதான், அதுவும் கூப்பிடுகிற நாளில் வந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார்.

தம்பியின் கேள்விகள் இவை. கடிதம் இல்லாத எனக்கு உரிமை ஏதும் இருக்கிறதா? தொழில் ஆணையாளரின் அனுமதி இல்லாமல் யாரையும் நிறுத்த முடியாது என்று நண்பன் சொல்கிறான், உண்மையா? அந்த வீடியோத் துண்டுகளை எல்லாம் பேஸ்புக்கில் போடட்டுமா? ராஜினாமா கொடுத்துவிட்டுத் தனியாகத் தொடங்கட்டுமா? இந்த மெஷினை எப்படியும் சீக்கிரம் தூக்கி எறிந்துவிடுவார்கள்தானே, அக்கா?

தம்பி, கடலைக்காரர் வரைக்கும் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே படித்தேன். கட்டார் அண்ணனைப் பற்றிப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பையன் தங்கச்சிக்குச் சீர் செய்யத்தான் அந்த வெயிலில் கிடந்திருப்பான், அவனுக்கு அந்த ஒரு நிமிடம்தான் கல்யாணம். உங்களுக்கும் அது தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு வேதனையோடு எழுதியிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கணக்குத் தப்புவது அங்கேதான். மெஷினைத் தூக்கி எறிய மாட்டார்கள். நாய், கடலை, முறுக்கு எல்லாவற்றையும் நீங்கள் பட்டியல் போட்டு வைத்திருப்பது, இதைப் பார்த்ததும் முதலாளிக்குப் புத்தி வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் என்று நினைக்கிறேன். இதைவிடப் பெரிய கூத்து உலகமே பார்க்க நடந்திருக்கிறது. 2020 ஒக்டோபரில் ஸ்கொட்லாந்தில் இன்வர்னஸ் கலிடோனியன் திஸில் கழகமும் எயர் யுனைட்டட் கழகமும் காற்பந்து ஆடின. கொரோனா காலம், ரசிகர்கள் மைதானத்துக்குள் போக முடியாது, வீட்டிலிருந்துதான் பார்க்க வேண்டும். கெமராக்காரருக்குப் பதிலாக, பந்தைத் தானே பின்தொடர்கிற ஏஐ கெமராவை வைத்திருந்தார்கள். அது எல்லைக்கோட்டில் நின்ற துணை நடுவரின் வழுக்கைத் தலையைப் பந்து என்று எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அவர் தலையையே காட்டியது. கோல் விழுகிற பக்கம் போகாமல் தலைக்குப் பின்னால் போன அந்தப் படத்தைப் பார்த்து ஊர் ஊராகச் சிரித்தார்கள். ஆனால் அந்த வகைக் கெமராக்கள் ஒழிந்துவிடவில்லை, சின்னக் கழகங்களும் பள்ளிக்கூட மைதானங்களும் இன்றைக்கும் வைத்திருக்கின்றன, ஏனென்றால் ஆள் வைத்து எடுப்பதைவிடச் செலவு குறைவு. உங்கள் முதலாளியும் கடன் எடுத்துத்தான் வாங்கியிருக்கிறார். தவணை கட்டி முடிகிற வரைக்காவது அது அந்தக் கடையில்தான் இருக்கும், அதற்குள் மென்பொருளும் திருந்திக்கொண்டே வரும்.

அது ஏன் தவில்காரரிடம் போனது என்பதையும் பாருங்கள், உங்கள் வழக்குக்கே இது உதவும். இந்த மாதிரி மென்பொருட்களில் பல, கூட்டம், வகுப்பு, நேர்காணல் போன்றவற்றை மனதில் வைத்துச் செய்தவை. அங்கே ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், ஆகவே சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே திரும்பினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். நம்முடைய கல்யாணத்தில் நிலைமை நேர் எதிர். தாலி ஏறுகிற நொடியில் மாப்பிள்ளையும் பெண்ணும் வாயே திறப்பதில்லை. அபசகுனமான சொல் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதான் அந்த நேரம் பார்த்து மேளத்தை உச்சத்தில் அடிக்கிறோம். சத்தத்தைத் தேடிப் போகிற கெமரா தவிலுக்குப் போகாமல் வேறு எங்கே போகும்? காமன் கூத்திலும் இதே கதைதான், சாதாரண முகங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருளுக்கு அரிதாரம் பூசிய முகத்தைவிட விளக்கடியில் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிற முகம்தான் முதலில் அகப்படும். இது மெஷின் செய்யப்பட்ட விதத்திலேயே இருக்கிற குறை. நீங்கள் தூங்கியதாலோ கவனம் பிசகியதாலோ வந்தது இல்லை.

மெஷின் கெட்டிக்காரனா முட்டாளா என்ற வாதத்தில் நீங்கள் இறங்க வேண்டாம், தம்பி. இன்றைக்கு முட்டாள் என்று நிரூபித்தாலும் அடுத்த வருடம் கெட்டிக்காரனாகிவிட்டால் உங்கள் வாதம் போச்சு. நீங்கள் பிடிக்க வேண்டியது வேறு. பட்டன் மெஷினிடம், பழி உங்களிடம். கை வைக்காதே என்று சொல்லிவிட்டு, கை வைக்காததால் வந்த நட்டத்தை உங்கள் சம்பளத்தில் எடுப்பது எந்த ஊர் நியாயத்திலும் நிற்காது. மெஷின் எவ்வளவு திருந்தினாலும் இந்த வாதம் பழசாகாது.

25,000 ரூபாவை வெட்டலாமா?

முடியாது. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கென்று 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட கழிவுகளை உங்கள் சம்மதத்தோடு எடுப்பதைத் தவிர, முதலாளி நினைத்தபடி சம்பளத்தில் கை வைக்க அது இடம் தராது. வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் செய்தது ஸ்டூடியோ, காசு வாங்கியது ஸ்டூடியோ, வேலை பிசகினால் பதில் சொல்ல வேண்டியதும் ஸ்டூடியோதான். உங்கள் கவனக்குறைவால் நட்டம் வந்தது என்று அவர் சொல்லப் பார்ப்பார். அதற்குப் பதில் அந்தக் குரல் செய்தி. அதை இன்றைக்கே இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள், போன் தொலைந்தாலும் இருக்க வேண்டும், வந்த திகதியும் நேரமும் தெரிகிற மாதிரி திரையைப் படமெடுத்தும் வையுங்கள். வட்ஸ்அப்பெல்லாம் சாட்சியாகுமா என்று நினைக்காதீர்கள். இலத்திரனியல் பதிவுகளை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் ஏற்கிறது, வேலைப் பிணக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபையோ சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் கறாரான விதிகளுக்குக் கட்டுப்பட்டதும் இல்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். லைவில் தவில்காரர் போய்க்கொண்டிருந்த நேரத்தில் இரண்டாவது கெமரா மணமேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, அதன் தனிப் பதிவு கடைக் கணினியில் இருக்கிறது என்று. தம்பி, அதை உடனே முதலாளியிடம் சொல்லுங்கள், அந்தக் காட்சியை வெட்டி எடுத்துப் பெண் வீட்டாருக்கும் கட்டாருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். நேரில் பார்த்த மாதிரி ஆகாதுதான், ஆனாலும் அந்த அண்ணனுக்கு அது போய்ச் சேர வேண்டும். நட்டத்தைக் குறைக்க நீங்கள் முயன்றீர்கள் என்பதும் உங்கள் பக்கத்தில் பதிவாகும்.

கடிதம் இல்லை என்றால் உரிமை இல்லையா?

மலையகத்தில் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோருமே என்னிடம் இப்படித்தான் தொடங்குகிறார்கள், “கடிதம் இல்லை அக்கா, அதனால் ஒன்றும் செய்ய முடியாதுதானே” என்று. கடிதம் தராதது முதலாளியின் குறை, தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்ப்பேச்சில் நடந்த ஒப்பந்தமும், நடத்தையிலிருந்து விளங்கிக்கொள்ளக்கூடிய ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான் என்று 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் ஏற்கிறது.

ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. “அவன் என் தொழிலாளி இல்லை, கல்யாணத்துக்குக் கல்யாணம் வருகிற ஆள்” என்று முதலாளி சொல்லலாம். இனி கூப்பிடுகிற நாளில் வா என்று அவர் சொல்வதும், வேண்டுமென்றோ இல்லாமலோ, அந்தக் கதைக்கு அடித்தளம் போடுகிறது. அப்படி ஒரு கேள்வி வந்தால் பார்க்கப்படுவது இவைதான்: கெமராவும் கணினியும் யாருடையவை, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று யார் முடிவு செய்தார், மாதாமாதம் ஒரே தொகை வந்ததா, அந்தக் கடையின் தொழிலோடு உங்கள் வேலை ஒட்டியிருந்ததா, தனியாக நின்றதா. உங்களிடம் நாலு வருட வங்கிப் பதிவு இருக்கிறது. யார் எந்தக் கோயிலுக்குப் போவது என்று வாராவாரம் போட்ட வட்ஸ்அப் குழுச் செய்திகள் இருக்கின்றன. கடை பெயர் போட்ட டீ-ஷர்ட்டோடு நீங்கள் நிற்கிற படங்கள் அந்தக் கடையின் பேஸ்புக் பக்கத்திலேயே இருக்கும். ஒரு நியமனக் கடிதத்தைவிட இவை குறைந்தவை இல்லை.

இதோடு ஊழியர் சேமலாப நிதியையும் பாருங்கள். ஒரே ஒருவர் வேலை செய்தாலும் அது கட்ட வேண்டும்: உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளி தன் பங்காக 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். உங்கள் 45,000-க்கு முதலாளியின் பங்கு மட்டும் மாதம் 5,400-உம் 1,350-உம் வருகிறது, நாலு வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் இந்த 25,000 அதன் பக்கத்தில் சின்னதாகிவிடும். நீங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அதனால் கட்டப்படவில்லை என்றுதான் ஊகிக்கிறேன். தொழில் அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

நண்பன் சொன்ன ஆணையாளர் அனுமதி

பாதி உண்மை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழில் முடிவுறுத்தல் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். மெஷின் வந்துவிட்டது, ஆள் தேவையில்லை என்பதும் அந்த வகைக் காரணம்தான். ஆனால் அந்தச் சட்டம் 15 பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடங்களுக்குப் பொருந்தாது. உங்கள் கடையில் ஏழு பேர். நண்பனின் பேச்சை நம்பி அனுமதி எங்கே என்று முதலாளியிடம் போய் நின்றால் அவருடைய சட்டத்தரணி ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார், உங்களுக்கும் மனம் உடைந்துவிடும்.

உங்களுக்குத் திறந்திருக்கிற கதவு தொழில் நியாய சபை. அங்கே இத்தனை பேர் வேலை செய்ய வேண்டும் என்ற கணக்கு இல்லை. உங்களை நிறுத்தியது நியாயமா என்று அது பார்க்கும், மீண்டும் வேலையில் அமர்த்தச் சொல்லலாம், நட்ட ஈடு கொடுக்கச் சொல்லலாம். ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அந்தக் காலம் வேலை முடிவுறுத்தப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். முதலாளி உங்களை நிறுத்திவிட்டேன் என்று சொல்லாமலே, கூப்பிடாமலே விட்டுவிடலாம். கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று தீபாவளி வரைக்கும் பொங்கல் வரைக்கும் காத்திருந்து ஆறு மாதத்தைத் தொலைத்துவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்து எனக்குப் பலமுறை வயிறு எரிந்திருக்கிறது.

சம்பளத்தைப் பாதியாக்குவதில் இன்னொரு விஷயம். 45,000-இன் பாதி 22,500. தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. முழு மாதமும் உங்களை வேலைக்கு வைத்துக்கொண்டு 22,500 கொடுப்பது உங்கள் சம்மதத்தோடு கூடச் செய்ய முடியாத காரியம். இதை முதலாளிக்கு மரியாதையாகவே எடுத்துச் சொல்லலாம், பல சின்ன முதலாளிகளுக்கு இது தெரியவே தெரியாது.

வீடியோத் துண்டுகளும் ரவுட்டரும்

பேஸ்புக்கில் போடாதீர்கள். ஆசை புரிகிறது, நாயும் கடலைக்காரரும் ஒரே இரவில் நாடு முழுக்கப் போய்விடுவார்கள். ஆனால் வேலையின்போது எடுத்த காட்சிகளின் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி வேலை கொடுத்தவருக்குத்தான். கடைச் சொத்தை எடுத்துக் கடையையே கேவலப்படுத்தினான் என்று உங்கள் மேலேயே ஒழுக்காற்றுக் குற்றம் சுமத்த அவருக்கு நீங்களே காரணம் கொடுக்கிறீர்கள். அதைவிட, அந்தத் துண்டுகளில் இருப்பது உங்கள் முதலாளி இல்லையே. ஒரு பெண்ணின் கல்யாணம், தேர் இழுக்கிற பக்தர்கள், நாள் முழுக்க நின்று நாலு காசு பார்க்கிற ஒரு கடலை வியாபாரி. அவர்களைச் சிரிப்புக்கு வைக்க உங்களுக்கு மனம் வராது என்றுதான் நம்புகிறேன். வழக்குக்குத் தேவையென்றால், ஏற்கெனவே எல்லோரும் பார்க்கப் போட்ட லைவின் இணைப்பையும், எத்தனையாவது நிமிடத்தில் என்ன நடந்தது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் போதும். கடைக் கணினியிலிருந்து பென் டிரைவில் எதையும் அள்ளிக்கொண்டு வராதீர்கள்.

“ஒரு நாள் ரவுட்டரைக் கழற்றிவிட்டால் என்ன என்றுகூட யோசித்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அதேபோல, கடவுச்சொல் தெரியும் என்பதற்காக மென்பொருளின் அமைப்பை மாற்றுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகலாம். இதுவரை உங்கள் கை சுத்தமாக இருக்கிறது, அதுதான் உங்கள் பலம்.

ராஜினாமாவா, தனிக் கடையா, பேச்சா?

இப்போதைக்கு ராஜினாமா எழுதாதீர்கள். முதலாளி எழுதச் சொல்லிக் கேட்டாலும், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் வேண்டாம். வேலை நிலைமைகளைத் தாங்க முடியாதபடி மாற்றி ஒருவரைத் தானாகப் போக வைப்பதையும் பணிநீக்கமாகவே கருத முடியும் என்று நம் நீதிமன்றங்கள் ஏற்கின்றன, ஆனால் அதை நிரூபிக்கிற சுமை உங்கள் தலையில் விழும். அதற்குப் பதிலாக முதலாளிக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதுங்கள், பதிவுத் தபாலிலும் வட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், இந்த மாதிரி இருந்தால் போதும்:

“கல்யாண லைவில் எந்தக் காட்சியைக் காட்டுவது என்பதை மென்பொருளே தெரிவு செய்தது. அதில் கை வைக்க வேண்டாம் என்று குரல் செய்தியில் எனக்கு அறிவித்திருந்தீர்கள். ஆகவே 25,000 ரூபாவைச் சம்பளத்தில் கழிப்பதற்கும், சம்பளத்தைப் பாதியாகக் குறைப்பதற்கும் நான் சம்மதிக்கவில்லை. வழமைபோல் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்.”

அனுப்பியபின் வழமையான நேரத்துக்குக் கடைக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் திகதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

தனியாகத் தொடங்குவது கெட்ட யோசனை இல்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவது பெரிய வேலையும் இல்லை. ஆனால் மூன்று கெமரா, லைட், நல்ல இணைப்பு என்று போகும்போது நீங்களும் அதே தவணைக் கடனுக்குள்தான் இறங்குவீர்கள், போட்டிக்கு எதிரே நிற்பது உங்கள் முதலாளியும் அவருடைய மெஷினும். கடையின் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. ஒரு வருடம் தள்ளி யோசிக்கலாம்.

நான் முதலில் செய்யச் சொல்வது முதலாளியோடு உட்கார்ந்து பேசுவது. அவர் கெட்டவர் மாதிரித் தெரியவில்லை, பயந்துபோயிருக்கிறார். கடன் எடுத்து வாங்கிய பொருள் மானத்தை வாங்குகிறது, அதை விற்றவர்கள் சொன்னதை நம்பினார். அவருக்கு நீங்கள் கொண்டுபோக வேண்டிய யோசனை ஒன்று இருக்கிறது. 2022 உலகக் கிண்ணக் காற்பந்து, அதே கட்டாரில். ஓஃப்சைட் பார்க்க ஒவ்வொரு மைதானக் கூரையிலும் 12 கெமரா வைத்தார்கள், ஒவ்வொரு வீரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை வினாடிக்கு 50 தடவை கணக்கிட்டார்கள். அவ்வளவு காசும் கணக்கும் கொட்டிய பிறகும், மெஷின் ஓஃப்சைட் என்று சொன்னதை வீடியோ அறையில் இருந்த நடுவர்கள் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் மைதானத்துக்குச் சொன்னார்கள். கடைசி வார்த்தையை மனிதரிடம் வைத்திருந்தார்கள். உங்கள் கடையிலும் அப்படியே செய்யலாம். பேச்சும் சாப்பாட்டுப் பந்தியும் போகிற மணிக்கணக்கான நேரத்தை மெஷின் பார்த்துக்கொள்ளட்டும், உங்களுக்கும் ஒரு வாய் தேநீர் குடிக்க நேரம் கிடைக்கும். தாலி, மாமன் சீர், ஆரத்தி, தேர் வளைவில் திரும்புகிற இடம், காமன் எரிகிற இடம் வரும்போது பட்டன் உங்கள் கையில். மலையில் பனி இறங்கினால் முழுதாக உங்கள் கையில், ஏனென்றால் பனிக்குள் அதற்குப் பந்தும் தெரியாது, ஆளும் தெரியாது. எந்த இடத்தில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த ஆள் அந்தக் கடையில் நீங்கள்தான், அதை வாங்க முதலாளி இனியொரு கடன் எடுக்க முடியாது.

இதற்கு ஒத்துக்கொண்டால் ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எந்தெந்த நேரத்தில் பட்டன் யாரிடம், மெஷின் தானாக இயங்குகிற நேரத்துத் தவறுக்கு உங்களிடம் காசு பிடிப்பதில்லை, சம்பளம் எவ்வளவு, சேமலாப நிதி எந்த மாதத்திலிருந்து. வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற பற்றுச்சீட்டிலும், தானியங்கிக் கெமரா பாவிக்கப்படுகிறது என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள், அது முதலாளிக்கே பாதுகாப்பு. நாதஸ்வரத்தில் சினிமாப் பாட்டு என்று வந்தால் யூடியூபின் தானியங்கிப் பதிப்புரிமைச் சோதனை லைவை இடையில் நிறுத்துவதும் உண்டு, அதையும் முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பழியும் பிறகு உங்கள் பக்கம் வரக்கூடாது.

பேச்சு சரிவராவிட்டால் தாமதிக்காமல் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். சேமலாப நிதியும் சம்பள வெட்டும் அங்கே, வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் நியாய சபை. சபையில் நீங்களே வாதாடலாம், தொழிற்சங்கப் பிரதிநிதியோ சட்டத்தரணியோ உங்களுக்காக வரலாம். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் வருமான விவரத்தைக் காட்டி இலவசமாக உதவி கேட்கலாம். வங்கிப் பதிவு, குழுச் செய்திகள், குரல் செய்தி வந்த விவரம், நீங்கள் அனுப்பிய கடிதத்தின் தபால் பற்றுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், மூலத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி அந்தக் கொப்பியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.